பத்து நோட்டும் ஒரே கை

ஜூன் 3, புதன்

காலைல இருந்து காத்து. கொடியில போட்ட சுடிதார் பேண்ட் பறந்து பக்கத்து வீட்டு மாடியில. எடுக்கப் போனா அந்த வீட்டு அக்கா, "ஏனுங் கண்ணு, கிளிப்பு போடறதில்லீங்களா?" இந்த ஊர்ல திட்டுறது கூட மரியாதையாத்தான். திருப்பூர் மண்ணரைக்கு வந்து நாலு வருசம் ஆச்சு, இன்னும் எனக்குத் திட்டு எது பாராட்டு எதுன்னு பிடிபடல.

அப்ரண்டிஸா சேர்ந்து இன்னையோட பதினோரு மாசம். இன்னும் ஒரு மாசம். அப்புறம் பரிச்சை. பாஸானா தையல் மெஷின் ஆபரேட்டர்னு கவர்மெண்டு சர்டிபிகேட். அது கையில இருந்தா எந்த பனியன் கம்பெனியிலயும் டெய்லரா உக்காரலாம்.

பதினோரு மாசத்துல கத்துக்கிட்டது (பொய் சொல்லாம):
- பிசிரு வெட்ட
- டெய்லர் தச்சுத் தள்ளுற பீஸை எடுத்து, மடிச்சு, அடுத்த மெஷினுக்குக் குடுக்க. இதுக்கு இங்கன கைமடின்னு பேரு
- பண்டல் தூக்க
- எந்த டெய்லருக்கு டீயில சீனி வேண்டாம்னு ஞாபகம் வைக்க
- நின்னுக்கிட்டே தூங்க

மெஷின்ல உக்காந்தது: ஒரு நாளும் இல்ல.

அம்மா இன்னொரு கம்பெனியில டேமேஜ் செக்கிங். பன்னெண்டு மணி நேரம் நின்ன கால். சாயங்காலம் வந்ததும் செவுத்துல காலைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். நரம்பெல்லாம் பச்சையா. "நீயாவது உக்காந்து வேலை பாருட்டி" – இது ஒண்ணுதான் அம்மா எங்கிட்ட கேக்குறது.

இன்னைக்கு மத்தியானம் கிரேஸ் அக்கா கூப்பிட்டாவ. அவுகதான் எங்க பத்து அப்ரண்டிஸுக்கும் ட்ரெய்னிங் இன்சார்ஜ். நாங்களும் அவுகளும் திசையன்விளைப் பக்கம், இங்கயும் ஒரே சர்ச்சு. இந்த வேலையே அவுக வாங்கித் தந்தது.

"ஏட்டி எஸ்தரு, அடுத்த மாசம் பயிற்சி ஆபீசுல இருந்து ஆபீசர் வாராரு. ஆளாளுக்குப் பயிற்சி நோட்டு இருக்கணுமாம். தெனம் என்ன படிச்சீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு. நம்மட்ட ஒண்ணு கூட கெடையாது."

"நாங்க ஒண்ணும் படிக்கலியே அக்கா."

"அதான் சொல்லுதேன். பத்துப் பேருக்கும் நீயே எழுதிரு. சர்ச்சு போர்டுல ஒரு வசனத்தை நாலு விதமா எழுதுவியே, அந்த மாதிரி மாத்தி மாத்தி எழுது. மொத ஓவர்லாக் மெஷின் சீட்டு ஒனக்குத்தாம்ட்டி. நான் சொன்னா மொதலாளி மறுவார்த்தை பேச மாட்டாரு."

சந்தோசமா இருந்துச்சு. பின்னால நானே இல்லன்னு சொல்லிருவேன், அதனால எழுதி வைக்கேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு.


ஜூன் 5, வெள்ளி

லைன்ல இருந்து விடுதலை. ஸ்டோர் ரூம்ல ஒரு மேஜை, ஒரு சேர், ஒரு டேபிள் ஃபேன். சேர்! உக்காந்து வேலை. அம்மாட்ட சொன்னேன், "எழுத்து வேலை குடுத்திருக்காவ." அம்மா மொகத்தைப் பாக்கணும். ரெண்டு ஆப்பம் கூட வச்சுச்சு.

பத்து நோட்டு. புதுசா மினுமினுன்னு இருந்தா மாட்டிக்குவோம்னு கிரேஸ் அக்காவே அட்டையை எல்லாம் ஸ்டோர் ரூம் தரையில போட்டுத் தேச்சாவ. ஒண்ணுல டீ ஊத்தினாவ. நாலு கலர் பேனா. சர்ச்சுல குடுத்த போன வருசக் காலண்டரையும் அவுக வீட்டுல இருந்து கொண்டு வந்தாவ. "இதைப் பாத்து ஞாயித்துக்கெழமை, லீவு நாளு விட்டுட்டு எழுது."

சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தியா வந்து எனக்கு மாதிரிக் கையெழுத்து எழுதிக் காட்டுறாளுவ. ஒருத்திக்கு எல்லா எழுத்தும் வலது பக்கம் சாயும். ஒருத்தி கொம்பை மட்டும் பெருசாப் போடுவா. கௌசல்யா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டா, குட்டி வட்டம் போடுவா, "க்" தலையில ஒரு முட்டை. அது வர்றதுக்கு எனக்கு நாலு தாள் ஆச்சு. வேகமா எழுதினா புள்ளி வந்துருது.

கௌசி விழுந்து விழுந்து சிரிக்கிறா. "ஏம் புள்ள, என்ற கையெழுத்து என்னையவிட நீ நல்லாப் போடற. நாளைக்கு என்ற கல்யாணப் பதிவுக்கும் நீயே வந்து போட்டுரு."

கௌசி வெள்ளகோவில். கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கா. ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுலதான் சாப்பாடு. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிற ஒரே சேக்காளி.


ஜூன் 10, புதன்

கை வலி. நடுவெரல்ல பேனா அமுக்கி ஒரு குழி.

இன்னைக்கு எழுதினது (போன வருசம் ஆகஸ்ட், கௌசி நோட்டு): "இன்று ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கும் முறை கற்றேன். நான்கு நூல்கள். லூப்பர் இரண்டு. ஊசி இரண்டு. முதலில் தவறு செய்தேன். மேடம் பொறுமையாகத் திருத்தினார்கள்."

அந்த ஆகஸ்ட்டு கௌசிய எனக்குத் தெரியும். மாசம் பூரா பிசிரு வெட்டிக் கட்டை வெரல் வீங்கிக் கெடந்தா. 'முதலில் தவறு செய்தேன்'னு சேத்தது என் சொந்தச் சரக்கு. அப்பத்தான் நம்புவாவ. கிரேஸ் அக்கா படிச்சுட்டு, "கெட்டிக்காரி"ன்னாவ.

பிங்கி பீகார்ப் புள்ள. தமிழ் எழுத்தே தெரியாது. அவ நோட்டையும் தமிழ்லயே எழுதச் சொன்னாவ. "இந்தியில எழுத யாரு இருக்கா? ஆபீசர் என்ன ஒண்ணொண்ணாவா கேக்கப் போறாரு?" பிங்கி வந்து எட்டிப் பாத்தா. "அக்கா, மேரா க்யா லிக்கா?" அவளோடதுல என்ன எழுதிருக்குன்னு கேக்கா. பொத்தான் தைக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதிருக்குன்னு கையை ஆட்டிச் சொன்னேன். "பட்டன்? மே?" நானான்னு அவளுக்கே ஆச்சரியம்.

மொதலாளி அந்தப் பக்கமா வந்தாரு. நான் எந்திரிச்சேன். "உக்காருங்க கண்ணு, உக்காருங்க. படிங்க. சாப்ட்டீங்களா?" போயிட்டாரு. நான் பரிச்சைக்குப் படிக்கேன்னு நெனச்சாரா, எல்லாம் தெரிஞ்சேதான் கேட்டாரா. அந்த மொகத்துல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

என்னென்ன பாடம்னு பாத்து எழுத ஒரு ஃபைல் குடுத்திருந்தாவ. அதுல எங்க ஒப்பந்தமும் இருந்துச்சு! சேந்த அன்னைக்கு "இங்க போடு, இங்க போடு"ன்னு வெரல் வச்ச எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டோமே, அந்தத் தாளு. இப்பத்தான் என்னன்னே பாக்கேன். கௌசியக் கூப்பிட்டு ரெண்டு பேருமாப் படிச்சோம்.

மெஷின் பயிற்சி தரணுமாம். வகுப்பு நடத்தணுமாம். பயிற்சிக்குச் சம்பந்தம் இல்லாத வேலைக்கு விடக் கூடாதாம். ஒப்பந்தத்துல ஒரு பிரதி எங்க கையில இருக்கணுமாம்.

கௌசி கடைசி வரிய வெரல் வச்சு மறுபடி படிச்சா. அப்புறம், "இத்தன நாளு நாம என்னமோ அவங்க தயவுல இருக்கறோம்னு நெனச்சனே புள்ள."

கிரேஸ் அக்காட்ட கேட்டேன். "அதெல்லாம் பேப்பருட்டி. எல்லாக் கம்பெனியிலயும் அப்பிடித்தான். நீ ஒன் சோலியப் பாரு."

பாத்தேன். செப்டம்பர் எழுதி முடிச்சாச்சு.


ஜூன் 14, ஞாயிறு

சர்ச்சு. வெயில். அம்மா வெள்ளைச் சேலை.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல கிரேஸ் அக்கா அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, "மக்கா, ஒம்மவ இல்லன்னா எங்க கம்பெனியே இல்ல." அம்மா அழுதுருச்சு. வீடு வார வழி பூரா அதையே சொல்லிட்டு வந்துச்சு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரியிட்ட கூட.

கௌசி வந்தா. மீன் கொழம்பு. அவ மீன் திங்க மாட்டா, கொழம்பு மட்டும் ஊத்திக்குவா, அதையும் வெள்ளகோவில்ல சொல்லிராதேம்பா. இன்னைக்கு மொகம் சரியில்ல. மாமன் பையனுக்குக் கட்டி வைக்கப் பேசுறாங்களாம். டெய்லர் சீட்டு கெடச்சுருச்சுன்னா ரெண்டு வருசம் தள்ளிப் போடலாம்னு அவ அப்பன் சொல்லிருக்காராம்.

"மொதச் சீட்டு உனக்குத்தான புள்ள. ரெண்டாவது என்னைய உக்கார வெக்கச் சொல்லு. உன்ற அக்காதான அவங்க."

சொல்லுதேன்னேன். சொன்னா கேப்பாவ.


ஜூன் 19, வெள்ளி

பத்து நோட்டும் முடிஞ்சுது. கிரேஸ் அக்கா எல்லாத்தையும் பீரோல வச்சுப் பூட்டினாவ.

சாயங்காலம் டெய்லர்மாரெல்லாம் டீக்குப் போனப்ப, "வா, உக்காரு"ன்னு ஓவர்லாக் மெஷின்ல உக்கார வச்சாவ. நெசமா. காலை வச்ச ஒடனே குதிரை மாதிரி இழுத்துட்டுப் போயிருச்சு. துணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நூல் அந்து போச்சு. கோக்கத் தெரியல. எப்பிடிக் கோக்கணும்னு பத்து நோட்டுல பத்து தடவை எழுதினவ, லூப்பர் எங்க இருக்குன்னு தேடுறேன். கிரேஸ் அக்கா சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். பதினஞ்சு நிமிசம். ஒரு கழுத்துப் பட்டி கூட நேரா வரல.

ஆனா உக்காந்தேன். கையில அந்த அதிர்வு இன்னும் இருக்கு.

கௌசி விசயம் சொன்னேன். "மொதல்ல ஆபீசர் வந்துட்டுப் போவட்டும்."


ஜூன் 25, வியாழன்

மறுபடி கைமடி. ஸ்டோர் ரூம் பூட்டியாச்சு. ஆபீசர் வந்துட்டுப் போவட்டும்.

ஷிப்மெண்ட் அவசரம். சூபர்வைசர் கத்தல். ஃபேன் காத்துல பிசிரு பறந்து மூக்கெல்லாம் பஞ்சு. தும்மினா நீலக் கலர்.

பிங்கி கேட்டா: "அக்கா, எக்ஸாம் மே மெஷின் சலானா படேகா?" ஆமா, ஓட்டணும். "கோன் சிக்காயேகா?" யாரு சொல்லித் தருவான்னு கேக்கா.  பண்டல் வந்துருச்சு, தூக்கப் போயிட்டேன்.


ஜூலை 2, வியாழன்

எழுதவே கை வரல. ஆனா மறக்குறதுக்குள்ள எழுதணும்.

பத்தரை மணிக்கு ஆபீசர் வந்தாரு. அம்பது வயசு இருக்கும், இந்த ஊருக்காரருதான். எங்க பத்துப் பேரையும் கான்டீன்ல உக்கார வச்சாவ. கேசரி, காரம், காபி. பத்து நோட்டும் மேஜை மேல அடுக்கி.

ஒவ்வொண்ணாப் புரட்டுனாரு. தலையாட்டுனாரு. நல்லாப் போயிட்டிருந்துச்சு. அப்புறம் ஒரு எடத்துல நின்னாரு. அடுத்த நோட்டு எடுத்தாரு. அதே பக்கம். இன்னொண்ணு. அதே பக்கம்.

"ஏம்மா," பொதுவா எல்லாரையும் பாத்துத்தான் கேட்டாரு. "ஆயுத பூஜை அன்னிக்கு எந்தக் கம்பெனியில மெஷின் ஓடுச்சு?"

ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டுனாரு.

"பத்து நோட்டுலயும் எழுதிருக்குதே. 'இன்று மெஷினுக்கு ஆயில் விட்டு ஓட்டிப் பழகினேன்'னு. சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டு வெச்ச மெஷினைத் திருப்பூர்ல எவனாவது தொடுவானா?"

சர்ச்சு காலண்டரு! அதுல பெரிய வெள்ளி இருக்கு, ஈஸ்டர் இருக்கு, ஆயுத பூஜை இல்ல. அதுல அது சும்மா ஒரு புதன்கெழமை. அந்த வாரம் நானும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்தோம். இங்க இருந்திருந்தா பொரியாவது தின்னுருப்பேன், ஞாபகம் இருந்திருக்கும். காலண்டர் குடுத்தது அவுக, அப்பிடியே எழுதினது நான். ரெண்டு கூறுகெட்டதும் ஒரே சர்ச்சு.

எனக்கு ஒரு நிமிசம் பயம் போயி, ஒரு மாதிரி நிம்மதி கூட. சரி, இனி எல்லாம் வெளிய வந்துரும், எங்களை மெஷின்ல உக்கார விடுவாங்கன்னு. மடச்சி.

கிரேஸ் அக்கா எந்திரிச்சாவ. அப்பிடியே இந்த ஊர்ப் பேச்சு பேசுறாவ. எங்ககிட்ட ஏட்டி வாட்டின்னு பேசுற வாய்.

"சார், நோட்டு எழுதறது அந்தப் புள்ளைங்களே தானுங்க. நாங்க தொடறதே இல்லீங்க. இந்த எஸ்தருங்கற புள்ள எல்லாத்தையும் தானே எழுதித் தாரேன்னு வாங்கிட்டுப் போச்சுங்களாம். எனக்கே இன்னிக்குத்தானுங்க தெரியும். நம்பிட்டனுங்க சார்."

என்னையப் பாக்கவே இல்ல. ஆபீசரைப் பாத்துத்தான் பேசினாவ.

மொதலாளி என்னைத் திரும்பிப் பாத்தாரு. "இப்படிப் பண்ணலாங்களா கண்ணு?" கோவமே இல்ல. அதான் தாங்க முடியல.

நான், "அக்கா..."ன்னேன். அதுக்கு மேல வரல.  

மத்த ஒம்பது பேரும் கேசரியப் பாத்துக்கிட்டு இருந்தாளுவ. கௌசி மட்டும் மேஜைக்கு அடியில என் கையைப் புடிச்சா.

விசாரணைக்குக் கூப்பிடுவோம்னு ஆபீசர் நோட்டையெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு.


ஜூலை 3, வெள்ளி

கேட்டுல வாட்ச்மேன் நிறுத்திட்டாரு. "உங்களை விட வேண்டாம்னு சொல்லீட்டாங்க சாமி. என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க." அடையாள அட்டையை வாங்கிக்கிட்டாரு. மத்த எல்லாரும் என்னையத் தாண்டிப் போறாளுவ. செருப்பு சத்தம்.

கிரேஸுக்கு ஆறு தடவை போன் பண்ணேன். எடுக்கல. இனிமே 'வந்தாவ, போனாவ' கெடையாது. வந்தா. போனா. அவ்வளவுதான்.

அம்மாட்ட சொன்னேன். எல்லாம். மொதல்ல இருந்து. அடிக்கும்னு நெனச்சேன். "நீ எழுதுனியா?"ன்னு ஒண்ணுதான் கேட்டுச்சு. எழுதினேன்னேன். "எங்கிட்ட எழுத்து வேலைன்னு சொன்ன." ஆமாம்மா. எழுத்து வேலைதான்.

பஸ்ல யாருக்கிட்டெல்லாம் பெருமையாச் சொல்லுச்சோ அம்மா.


ஜூலை 5, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனோம். அம்மா பிடிவாதம். "நாம எதுக்குட்டி ஒளியணும்?"

கிரேஸ் மூணு வரிசை முன்னால. பாட்டுல அவ சத்தம்தான் பெருசு. 

மத்தியானம் வீட்டுக்கே வந்தா. கையில பிஸ்கட் பாக்கெட்டு. எழுதிக் கொண்டு வந்த ஒரு தாளு. மறுபடி ஏட்டி, மக்கா, எல்லாம் வந்துருச்சு.

"நான் என்னட்டி செய்ய முடியும்? எனக்கும் ரெண்டு புள்ளை இருக்கு. நீ இதுல ஒரு கையெழுத்துப் போடு. ஒன்னைய மன்னிச்சு விட்டுருவாவ. பரிச்சைக்கும் நான் ஏற்பாடு பண்ணி விடுதேன். சர்டிபிகேட் வந்துரும். ஒனக்கு மட்டும்."

தாளுல: நோட்டுகளை நானாகவே, யாருக்கும் தெரியாமல், தோழிகளை ஏமாற்றி எழுதினேன். நிர்வாகத்துக்கோ பயிற்சிப் பொறுப்பாளருக்கோ இதில் சம்பந்தம் இல்லை. முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்.

முறையான பயிற்சி அளிக்கப்பட்டதுன்னு நான் எழுதிக் குடுத்துட்டா மத்த ஒம்பது பேரும் வாயே தொறக்க முடியாது. அவளுக்கு அதுதான் வேணும்.

பேனாவை நீட்டுறா. நான் அம்மாவைப் பாத்தேன். பொய் எழுத என்ன, ஒரு கையெழுத்து. சர்டிபிகேட். ஒரு நிமிசம் ஆசை வந்துச்சு. வந்துச்சுதான்.

அம்மா எந்திரிச்சு அந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவ பையில திரும்பப் போட்டுச்சு. "வெயிலுக்கு முன்ன கெளம்பு கிரேஸு." மணி ரெண்டு. வெயிலு மண்டையப் பொளக்குது.

அவ போன அப்புறம் அம்மா ஒரு மணி நேரம் பாத்திரம் தேச்சுச்சு. தேச்ச பாத்திரத்தையே.

கௌசிக்குப் போன் பண்ணேன். இந்த வாரம் சாப்பாட்டுக்கு வரல. வார்டன் விடலியாம். தாளு விசயம் சொன்னேன். "போடாத புள்ள. செத்தாலும் போடாத. ஆபீசுல கூப்புடுவாங்கள்ல, அன்னிக்கு எல்லாரும் உள்ளதச் சொல்லீரலாம். நான் மொதல்ல சொல்றேன் பாரு."

அழுதேன். நல்ல அழுகைதான்.


ஜூலை 6, திங்கள்

மழை வார மாதிரி இருட்டிட்டுப் போயிருச்சு.

பிங்கி வாய்ஸ் மெசேஜ். அவ தமிழ்ல: "அக்கா, கௌசி அக்கா மெஷின் உக்காந்து. ஓவர்லாக். கிரேஸ் மேடம் சொல்லிக் குடுக்கு." பின்னால மெஷின் சத்தம்.

மொதல்ல நெனச்சது ஒண்ணுதான். என் சீட்டு. அப்புறம் நானே என்னையத் திட்டிக்கிட்டேன். ஆபீசர் வந்து கேட்டதுல பயந்து போயி ஒழுங்கா சொல்லித் தர ஆரம்பிச்சிருப்பாளுவ. ஒருத்தியாவது உக்காரட்டும். அவ கல்யாணம் தள்ளிப் போவும்.

கௌசிக்கு மெசேஜ் போட்டேன்: "சந்தோசம் டி. நூல் கோக்கப் பழகு மொதல்ல." நீல டிக் வந்துச்சு. பதில் இல்ல. வேலை நேரம்.


ஜூலை 8, புதன்

பயிற்சி ஆபீசு. அம்மா லீவு போட்டுட்டுக் கூட வந்துச்சு. பத்துப் பேரும் வராந்தா பெஞ்சுல. கம்பெனி வேன்ல ஒம்பது பேரு, பஸ்ல நான்.

கௌசி பெஞ்சு ஓரத்துல. பக்கத்துல போய் உக்காந்தேன். தலைவலின்னா. தைலம் வேணுமான்னேன். வேண்டாம்னா. என் பக்கம் திரும்பவே இல்ல. பயம்னு நெனச்சேன். 

மொத ஆளா என்னையக் கூப்பிட்டாங்க. உள்ள அந்த ஆபீசரு, ஒரு டைப் அடிக்கிற மேடம். மேஜை மேல பத்து நோட்டு.

"உக்காரும்மா. நீ எழுதிக் குடுத்த மன்னிப்புக் கடிதம் கம்பெனியில இருந்து வந்துருச்சு. இதான் உன்ற வாக்குமூலம்னா இதோட முடிச்சுக்கலாம்."

"நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலியே சார்."

தாளைத் திருப்பி வச்சாரு. கிரேஸ் வீட்டுக்குக் கொண்டு வந்த அதே வாசகம். ஆனா முழுசும் என் கையெழுத்து. முத்து முத்தா. கீழ எஸ்தர்னு என் கையெழுத்து. 'ஸ்' வால் வளையுறது கூட.  ஞாயித்துக்கெழமை நாந்தான் எழுதிக் குடுத்துட்டேனோன்னு ஒரு நொடி. சர்ச்சு போர்டுல எழுதுற அதே கை.

ரெண்டாவது தடவை படிச்சேன். நாலாவது வரியில இருந்து எழுத்து வேகமாப் போவுது. 'நிர்வாகத்துக்கோ'. 'க்' தலையில புள்ளி இல்ல. வட்டம். அடுத்து 'சம்பந்தம்'. வட்டம். 'பயிற்சி'. வட்டம்.

இந்த உலகத்துல வேற யாருக்கும் அது தெரியாது. அந்த வட்டம் வர நாலு தாள் கிழிச்சவ நான். என் புள்ளி வர கௌசி எத்தன தாள் கிழிச்சாளோ.

செத்தாலும் போடாதன்னாளே. போன்ல அதைச் சொல்லும்போது அவ முன்னால இந்தத் தாளு இருந்துச்சா? அதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டு எழுதச் சொன்னாளா கிரேஸ்? எனக்கு அது தெரியணும். வேற எதுவும் வேண்டாம், அது ஒண்ணு தெரியணும். கிரேஸ் பண்ணதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. இதுக்குக் கோவம் கூட வரல. அந்தச் சேர்ல உக்காந்து தாளையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"என்னம்மா?"

"சார், அந்தப் பத்து நோட்டும் நாந்தான் எழுதினேன். கிரேஸ் மேடம் எழுதச் சொன்னாங்க. மெஷின் சீட்டு தாரேன்னாங்க, எழுதினேன். நீங்க வர்ற வரைக்கும் எங்க யாருக்கும் மெஷின் சொல்லித் தரல. எங்க ஒப்பந்தம் கூட எங்க கையில இல்ல. இது எல்லாம் எழுதிக்கோங்க. கையெழுத்துப் போடுதேன்."

மேடம் டைப் அடிச்சாங்க. ஆபீசர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. 

"இந்தக் கடிதம்?"

"இது நான் எழுதல."

"அச்சு அசல் உன்ற எழுத்தாட்டவே இருக்குதே. யாரு எழுதுனதுன்னாவது தெரியுமா?"

தெரியாதுன்னு சொல்லிரலாம். அவ அப்பன், மாமன் பையன், கொழம்பு மட்டும் ஊத்திக்கிட்டுத் தின்ன சோறு, மேஜைக்கு அடியில புடிச்ச கை. தெரியாதுன்னா அந்தத் தாளு என் தாளுதான்னு ஆயிரும். நான் சொன்னது பூராவும் பொய்யாயிரும். பிங்கி, மத்த புள்ளைங்க எல்லாருக்கும் ஒரு வருசம் தண்ணியில போயிரும்.

ஆபீசர் பேனாவை மூடி வச்சாரு. "தெரியுமா, தெரியாதா?"

வெளிய பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்கா சார்னு சொன்னேன்.